தார் பாலைவனம்

இந்தியாவின் வடமேற்கிலும் பாகிஸ்தானின் தென்கிழக்கிலும் ஏறத்தாழ 2 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்த வறண்ட நிலம். பெரும்பகுதி ராஜஸ்தானில் உள்ளது. கிழக்கே ஆரவல்லி மலைகள், தெற்கே கட்ச் உவர்ச்சதுப்பு. லூனி ஆறுகூடக் கடலைச் சேராமல் அந்தச் சதுப்பிலேயே அடங்கிவிடுகிறது.

பாலைவனம் என்றதும் ஆளற்ற மணல்வெளி நினைவுக்கு வரும். தாருக்கு அது பொருந்தாது. உலகின் மக்கள் நெருக்கம் மிகுந்த பாலைவனங்களுள் இது ஒன்று. ராஜபுத்திரர், மேக்வால், பீல் மக்களோடு ஒட்டகம் வளர்க்கும் ராய்க்காக்களும் இங்கு வாழ்கின்றனர். மாங்கணியார் இசைக்குடியினர் முஸ்லிம்கள்; இந்துப் புரவலர்களின் வீட்டுப் பிறப்புக்கும் திருமணத்துக்கும் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருபவர்கள்.

தனித்துச் சொல்லவேண்டியவர்கள் பிஷ்னோய் மக்கள். 1485இல் குரு ஜம்பேஸ்வரர் வகுத்த 29 நெறிகளைப் பின்பற்றுபவர்கள்; பச்சை மரத்தை வெட்டுவதில்லை. 1730இல் ஜோத்பூர் அரண்மனைப் பணிக்காக மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது, கேஜர்லி ஊரில் அம்ரிதா தேவி மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர்விட்டார். அவரைத் தொடர்ந்து இறந்தவர்களையும் சேர்த்து 363 பேர் என்பது அம்மக்கள் போற்றிவரும் கணக்கு. அவர்கள் காத்த கேஜ்ரி, நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியேதான். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம், காய் மனிதருக்குக் கறி.

மழைநீரை வீட்டோரம் ‘டாங்கா’ என்னும் நிலத்தடித் தொட்டியில் சேமிப்பது பழைய வழக்கம். பஞ்சாபின் ஹரிகேயிலிருந்து வரும் இந்திரா காந்தி கால்வாய் ஜெய்சல்மேர்ப் பகுதிவரை பாசனத்தைக் கொண்டுவந்தது. சில இடங்களில் நீர்தேங்கி நிலம் உவர்ப்பேறவும் அதுவே காரணம்.