அடிலெய்டு நட்டிங்கும் பல்கலைக்கழகத் தாதிமைக் கல்வியும்

தாதிமை இன்று பல நாடுகளில் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக விளங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் நிலை வேறாக இருந்தது. அங்குத் தாதியர் பயிற்சிப் பள்ளிகளை மருத்துவமனைகளே நடத்தின. மாணவியர் என்ற பெயரில் சேர்ந்த பெண்களே நோயாளர் கூடங்களின் அன்றாட வேலைகளைச் சுமந்தனர். கற்பவரையும் வேலையாளரையும் ஒருவராக்கிய இவ்வமைப்பை மாற்ற முயன்றவர்களுள் முதன்மையானவர் மேரி அடிலெய்டு நட்டிங் (1858–1948). அவருடைய பணிவாழ்வை இந்நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிறந்த நட்டிங், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைப் பயிற்சிப் பள்ளியில் பயின்று, 1891இல் அதன் முதல் அணி மாணவியருள் ஒருவராகத் தேர்ச்சி பெற்றார். 1894இல் அப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1896இல், பயிற்சிப் பள்ளி மாணவியரின் வேலை நேரம் குறித்த புள்ளிவிவர அறிக்கையொன்றை வெளியிட்டார்.

தம் பள்ளியில் அவர் பயிற்சிக் காலத்தை மூன்றாண்டாக நீட்டித்தார். அன்றாட வேலையை எட்டு மணி நேரமாக வரையறுத்தார். இவ்விரண்டையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். வேலை நேரத்தைக் குறைக்காமல் பயிற்சியை மட்டும் நீட்டித்திருந்தால், மருத்துவமனைக்கு மேலும் ஓராண்டு மலிவான உழைப்பே கிடைத்திருக்கும். மாணவியருக்கு வழங்கப்பட்ட மாதப்படியையும் அவர் நிறுத்தி, உதவித்தொகைகளை ஏற்படுத்தினார். 1901இல், நோயாளர் கூடத்திற்குச் செல்லுமுன் பயிலவேண்டிய ஆறு மாத முன்பயிற்சியைத் தொடங்கினார்.

1907இல் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியரானார். உலகில் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் தாதி அவரே. பள்ளித் தலைவியாக இருந்தபோது மருத்துவமனையின் தேவைகளுக்கும் அவர் பொறுப்பாளி. பேராசிரியராகக் கல்வியை மட்டுமே முன்னிறுத்திப் பேச முடிந்தது. 1910இல் ஹெலன் ஹார்ட்லி ஜென்கின்ஸ் வழங்கிய நிதிக்கொடையால் தாதிமைக்கும் உடல்நலத்திற்குமான தனித்துறை அமைந்தது. பிற பள்ளிகளின் ஆசிரியைகளும் நிருவாகிகளும் அங்கு உருவாயினர். லாவினியா டாக்குடன் இணைந்து தாதிமையின் வரலாற்றையும் எழுதினார். தாதியர் கல்வியின் நிலை குறித்த அவருடைய ஆய்வை அமெரிக்கக் கல்விப் பணியகம் 1912இல் வெளியிட்டது. 1925இல் ஓய்வு பெற்றார்.

எனினும், அவருடைய வெற்றி முழுமையானதன்று. அமெரிக்காவில் மருத்துவமனைப் பள்ளிகளே அதன் பின்னரும் பல்லாண்டுகள் பெரும்பான்மையாக விளங்கின. மாதப்படியற்ற நீண்ட படிப்பு, வசதி குறைந்த பெண்களுக்கு எளிதாக இருந்திருக்க இயலாது. உதவித்தொகை எல்லாருக்கும் கிட்டுவதன்று. தொழிலின் தகுதியை உயர்த்தும் முயற்சி அதன் வாயிலைக் குறுக்கவும் கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

இந்தியாவில் தாதிமைப் பட்டப்படிப்பு 1946இல் தில்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. வேலூரில் 1909 முதலே தாதியர் பள்ளி இயங்கிவந்தது. பள்ளியிலிருந்து பட்டத்திற்குச் செல்ல ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆயின. பட்டம் என்பது பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் மட்டுமன்று. கற்கும் காலத்தில் மாணவி மாணவியாகவே இருப்பதற்கான உரிமையும் ஆகும். நட்டிங்கின் பணிவாழ்வு நிலைநாட்ட முயன்றது இவ்வுரிமையையே எனலாம்.