தஞ்சைக் கவிராயரும் அமெரிக்கப் பாடல் புத்தகமும்

வேதநாயகம் என்றவுடன் கத்தோலிக்கராகிய நமக்கு மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையே நினைவுக்கு வருவார். முதல் தமிழ் நாவலும் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் தந்த அப்பெருமகனாரை நாம் மறவாதிருப்பது முறையே. ஆயினும் அவர் 1826இல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே மற்றொரு வேதநாயகர் தமிழ் மண்ணில் தோன்றிவிட்டார். சீர்திருத்த சபைச் சகோதரர்கள் அவரைச் சுவிசேஷக் கவிராயர் எனப் போற்றுகின்றனர். நம்மவருள் அவரை அறிந்தோர் மிகச் சிலரே.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774 செப்டம்பர் 7ஆம் நாள் நெல்லைச் சீமையில் பிறந்தார். அவருடைய தந்தையார் தேவசகாயம் முதலில் தழுவியது கத்தோலிக்க மறையையே என்பது நமக்குச் சுவையான செய்தி. 1785இல் பாளையங்கோட்டைக்கு வந்த லுத்தரன் குரு சுவார்ட்ஸ் ஐயர், சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு, தந்தையின் இசைவுடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் அந்தச் சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பே. ஒரே ஆசானின் நிழலில் ஒருவர் அரசரானார், மற்றவர் கவிராயரானார்.

சாஸ்திரியாரின் தலைசிறந்த படைப்பு, 1800ஆம் ஆண்டையொட்டி எழுந்த பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சியின் அமைப்பை வாசகர் அறிவர். உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி காதல் கொள்வாள். குறத்தி வந்து குறி சொல்வாள். குறத்தியின் கணவன் சிங்கன் பறவை பிடிப்பான். சாஸ்திரியார் இம்மரபை உடைக்கவில்லை, உள்ளே நுழைந்து வேறு விளக்கேற்றினார். தலைவன் பெத்லகேம் நாதர்; தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை; குறி சொல்லும் குறத்தி விசுவாசம்; வலைவீசிப் பிடிக்கப்படும் பறவைகளோ மனிதர்கள். இடையிடையே பூகோளமும் வானநூலும் புகுந்து, கதிரவனைச் சுற்றிவரும் கோள்களைப் பற்றியும் கேட்போருக்குப் பாடம் நடக்கிறது! இன்றைய மறைக்கல்வி ஆசிரியர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

அவர் இசையமைத்த முறை தனித்துச் சொல்லத்தக்கது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கீர்த்தனை வடிவையும், கும்மி, தாலாட்டு போன்ற நாட்டு மெட்டுகளையும் அவர் தயங்காமல் எடுத்தாண்டார். எங்கள் பெரணமல்லூரில் பட்டு நெய்வோர் முதலில் பாவை விரித்துக் கட்டிய பின்னரே ஊடையைச் செலுத்துவர். சாஸ்திரியாருக்கு மெட்டு பாவு, மறையுண்மை ஊடை. பாவு மக்களிடம் முன்னரே இருந்தது. ஆகவேதான் எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டதும் உடன் பாடினர்.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் அமெரிக்காவிலும் இதற்கு ஒப்பான ஒன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. பாஸ்டன் நகரில் தோல் பதனிட்டு வாழ்ந்த வில்லியம் பில்லிங்ஸ் 1770இல் தம் சங்கீத மெட்டுகளை அச்சிட்டார். சீப்புத் தொழில் செய்த டானியல் ரீட் என்பவரும் மெட்டுகள் அமைத்தார். ஒரு குரலை மற்றொரு குரல் துரத்தி வருவதுபோல் அமைந்த அப்பாடல்களைச் சிற்றூர் மக்கள் ஆர்வத்தோடு பாடினர். ஆனால் அடுத்த தலைமுறையில் லோவல் மேசன் முதலியோர், ஐரோப்பிய இசையிலக்கணமே நாகரிகம் எனக் கருதி, இவற்றைக் கரடுமுரடானவை என்று ஓரங்கட்டினர். பில்லிங்ஸ் 1800இல் வறுமையில் இறந்தார். அவர் கல்லறைக்கு ஓர் அடையாளக் கல்லும் இல்லை.

தஞ்சையிலும் தலைமுறை மாறியது. 1798இல் சுவார்ட்ஸ் ஐயர் மறைந்தபின் வந்த இளம் குருக்களோடு சாஸ்திரியாருக்குப் பிணக்கு மூண்டது. 1820களில் அது முற்றியது. புதியவர்கள் இழைத்த கொடுமைகள் என்று அவர் நான்கைக் குறித்தார்: பழகிய விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றியது, திருமணத்திலும் அடக்கத்திலும் மலர்களைத் தடுத்தது, தமிழ்க் கீர்த்தனைகளை வழிபாட்டினின்று விலக்கியது, சாதி வேற்றுமையைக் கைவிடுமாறு வற்புறுத்தியது.

இவற்றுள் மலரும் கீர்த்தனையும் பற்றிய வாதத்தில் இன்று நாம் அவர் பக்கமே நிற்போம். ஒவ்வோர் இனத்தாரின் இசை மரபுக்கும் வழிபாட்டில் உரிய இடம் தரவேண்டும் என்று 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியதை, அவர் ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே கேட்டார். ஆனால் சாதியைப் பற்றிய வாதம்? அது உலகியல் வழக்கமே, மறைக்கு மாறன்று என்றார் அவர். ஆலயத்தில் வேளாளர் ஒருபுறமும் தாழ்த்தப்பட்டோர் ஒருபுறமும் தனித்து அமர்வதை அவர் நியாயப்படுத்தினார். பழைய குருக்களும் அதைப் பொறுத்துக்கொண்டிருந்தனர் என்பது உண்மையே. எனினும் இங்கே அவருக்காக வாதாட என் மனம் ஒப்பவில்லை. ஒரே அப்பத்தைப் பகிர்வோர் ஒரே உடல் என்று கொரிந்தியருக்குப் பவுலடியார் எழுதியதை அந்தப் பெரும்புலவர் அறியாதவரா?

அவரைக் குறைகூறும் முன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வது நலம். மதுரை மறைத்தளத்தில் உயர்சாதியினருக்கு ஒருவகைத் துறவியும் மற்றவர்க்குப் பண்டார சுவாமியும் எனப் பிரித்து வைத்தோர் நம் முன்னோரே. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது.

ஆலயப் பணியில் இடம் இழந்த சாஸ்திரியாருக்குச் சரபோஜி மன்னர் அரண்மனையில் ஆதரவு தந்தார். 1832இல் மன்னரும் மறைந்தார். முதுமை நெருங்கிய வேளையில் எதிர்பாராத திசையிலிருந்து ஓர் உதவி வந்தது. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்னும் குரு தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டி, 1853இல் சென்னையில் நூலாக அச்சிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் மிகுதியாக இடம்பெற்றன. பின்னர் வாஷ்பர்ன் ஐயர் அத்தொகுப்பை விரிவாக்கினார். பில்லிங்ஸின் மெட்டுகளை ஓரங்கட்டிய அதே நாட்டவர், தமிழகத்துக்கு வந்து, ஒரு தமிழரின் மெட்டுகளைக் காப்பாற்றிக் கொடுத்தனர்.

இதில் வியப்பு இன்னொன்றும் உண்டு. இதே மதுரை மிஷன்தான் 1847இல், தன் ஊழியர் யாவரும் சாதி பாராமல் ஒரே பந்தியில் உண்ணவேண்டும் என்று கண்டிப்பாக ஆணையிட்டது. மறுத்த பலர் வேலையிழந்தனர். ஆறே ஆண்டுகளில் அந்த மிஷன் வெளியிட்ட புத்தகத்தைக் கையிலேந்தி, எல்லாச் சாதியாரும் ஒன்றாய் அமர்ந்து பாடியது சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை. அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது. அதன்பின் பதினோர் ஆண்டுகள் வாழ்ந்து, 1864 ஜனவரி 24ஆம் நாள் தஞ்சையில் கண்மூடினார்.