சி, டி, இ, எஃப் - ஒரு கொசுவத்தி

புனேல நம்ம ஆளுங்க யார் புது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கினாலும் எனக்கு ஒரு போன் வரும். "அண்ணே, பேக்கப்புக்குத்தான், எத்தனை பார்ட்டிஷன் போடட்டும்?" பொட்டி தட்டுறவன்னா இதெல்லாம் இலவச சேவை :-) பதிலுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

1983-ல ஐபிஎம் தன்னோட பிசி எக்ஸ்டியை 10 எம்பி ஹார்ட் டிஸ்கோட வித்தது. கூட வந்த டாஸ் 2.0, டிஸ்கோட முதல் செக்டார்ல ஒரு குட்டி அட்டவணை எழுதும். நாலே நாலு வரி, வரிக்கு 16 பைட். ஒரே டிஸ்க்ல டாஸோட வேற ஓஎஸ்ஸும் குடித்தனம் பண்ணட்டும்னுதான் இந்த ஏற்பாடு. பேக்கப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம் டிஸ்க் வளர்ந்துச்சு, டாஸ் வளரலை. 32 எம்பிக்கு மேல ஒரு பார்ட்டிஷன் இருந்தா அதுக்குத் தாங்காது. 1987-ல வந்த டாஸ் 3.3, பெரிய டிஸ்கைத் துண்டு போட்டு டி, இ, எஃப்னு பேர் வைக்க வழி பண்ணுச்சு. பின்னாடி அந்த எல்லை 2 ஜிபி ஆச்சு. 1996-ல ஃபேட்32 வர்ற வரைக்கும், விண்டோஸ் 95-ல 4 ஜிபி டிஸ்க் போட்டவங்க வெட்டித்தான் ஆகணும். அசெம்பிள் பண்ற கடைப் பையன் கை அப்படியே பழகிடுச்சு. டி-ல பாட்டு, இ-ல படம்! விண்டோஸ் படுத்துட்டா சி-யை மட்டும் ஃபார்மேட் அடிக்கலாம்கறது நியாயமான லாபம்தான். ஆனா அது உள்ள இருக்கற டிஸ்குக்கு.

2009-ல நானும் ஒரு 500 ஜிபி எக்ஸ்டர்னலை ரெண்டாப் பிரிச்சேன். ஒண்ணுல பொண்ணோட காதுகுத்து வீடியோ, இன்னொண்ணுல அதுக்கு காப்பி. டபுள் பாதுகாப்பாம்! ஒரு நாள் வொயர்ல கால் தட்டி டேபிள்லேர்ந்து விழுந்துச்சு. டிக் டிக்னு ஒரே சத்தம். ரெண்டு டிரைவும் சேர்ந்தே போச்சு. அப்பா பேத்தியைத் தூக்கி வெச்சுக்கிட்டு சிரிச்ச ஒரே வீடியோ அதுலதான் இருந்துச்சு. அடுத்த வருஷம் அப்பா தவறிட்டார்.

அதனால தம்பி, ஒரே பார்ட்டிஷன் போதும். ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் காலியாக் கெடக்கற தொல்லையும் இல்லை. மேக் வெச்சிருக்கறவங்க மட்டும் விதிவிலக்கு: டைம் மெஷின் கெடைச்ச இடத்தையெல்லாம் மெல்ல நிரப்பிடும், அதே டிஸ்க்ல வேற ஏதாவது வைக்கணும்னா தனியாப் பிரிச்சுக்கோங்க.

எங்க வீட்ல இப்ப ரெண்டு டிஸ்க். ஒண்ணு இங்கே. இன்னொண்ணு திருச்சியில மாமியார் வீட்டு பீரோவுல, பட்டுப் புடவைக்கு அடியில. தீபாவளிக்குப் போறப்ப மாத்தி எடுத்துட்டு வருவோம், முறுக்கு டப்பாவோட.