ஒலிக்கருவியின் நினைவு



வயலின் என்னும் கருவிக்கு நினைவு தேவையில்லை. நேற்று அதில் எழுந்த இனிய நாதம் இன்றும் எழ வேண்டுமாயின், நான்கு தந்திகளையும் சுருதி கூட்டிக்கொண்டு, பழகிய விரல்களை வைத்தால் போதும். நினைவு வாசிப்பவரின் கையிலே இருக்கிறது. மின்னொலிக் கருவியின் நிலை வேறு. அதன் நாதம் கைப்பழக்கத்தால் மட்டும் அமைவதன்று. முகப்பிலுள்ள பல திருகுகளின் நிலைகளாலும் அமைவது. ஒரு திருகு சற்றே விலகினாலும் நாதம் வேறாகிவிடும். அந்த நிலைகளையெல்லாம் எங்கே, எவ்வாறு எழுதி வைப்பது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வினா சிறிதாகத் தோன்றலாம். ஆயினும், அரிய இசைப் படைப்புகள் சில வாழ்வதும் மாய்வதும் இதனையே பொறுத்திருந்தன.

1964ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்பவர் தாம் அமைத்த சிந்தசைசர் என்னும் ஒலித்தொகுப்புக் கருவியை இசை உலகின் முன் வைத்தார். ஒலியலையை எழுப்பும் உறுப்பு ஒன்று, அதனை வடிகட்டும் உறுப்பு மற்றொன்று, அதன் வலிமையைக் கூட்டிக் குறைக்கும் உறுப்பு வேறொன்று எனத் தனித்தனியாக அமைந்த கருவி அது. இவ்வுறுப்புகளைக் கம்பி வடங்களால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். இவ்விணைப்பைப் 'பேட்ச்' என்றார்கள். புதிய ஒலி வேண்டுமானால் வடங்களைப் பிடுங்கி வேறு விதமாகச் செருக வேண்டும். செருகிய கணமே பழைய ஒலி மறைந்து போகும். ஆதலால் இசைவாணர்கள் கருவியின் முகப்பைத் தாளில் வரைந்துகொண்டு, எந்த வடம் எங்கிருந்து எங்கே செல்கிறது, எந்தத் திருகு எத்திசை நோக்கி நிற்கிறது என்று குறித்து வைத்தார்கள். அத்தாளைப் பார்த்து மனிதர் மீண்டும் அமைக்கலாம்; கருவி தானே படித்துக்கொள்ள இயலாது.

இதற்கு முன்பே, முற்றிலும் வேறான ஒரு பாதை தொடங்கியிருந்தது. 1957ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் என்னும் பொறியியலறிஞர், ஐ.பி.எம். 704 என்னும் கணிப்பொறியைக் கொண்டு 17 நொடிகள் நீளமுள்ள இசைத் துணுக்கு ஒன்றை ஒலிக்கச் செய்தார். அதனை இயற்றியவர் நியூமன் கட்மன். மேத்யூஸின் முறையிலே திருகும் இல்லை, வடமும் இல்லை. எல்லாம் எழுத்தும் எண்ணுமே. அவர் அடுத்தடுத்து உருவாக்கிய நிரல்களுள் 'மியூசிக் 5' புகழ் பெற்றது. அதில் கருவியின் அமைப்பையும் வரிகளாக எழுதினார்கள். வாசிக்க வேண்டிய சுரங்களையும் வரிகளாக எழுதினார்கள். ஒவ்வொரு கூற்றும் அரைப்புள்ளியோடு முடிந்தது. அரைப்புள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதனை மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

இம்முறையின் சிறப்பு யாது? எழுதியதை மனிதனும் படிக்கலாம், பொறியும் படிக்கலாம். குறை யாது? ஒரு நொடி ஒலியைக் கணக்கிடப் பொறிக்கு அதனினும் மிகுதியான நேரம் வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேடையில் ஒருவர் குழலூத, அவரோடு உடன் வாசிக்கும் ஆற்றல் அப்பொறிக்கு இல்லை.

மேடைக் கருவிகளுள் ஒன்று நினைவோடு வந்தது 1978இல். டேவ் ஸ்மித் என்பவரின் நிறுவனம் வெளியிட்ட 'பிராபெட்-5' என்னும் சிந்தசைசரில் நுண்செயலி ஒன்று இருந்தது. திருகுகளின் நிலைகளையெல்லாம் அஃது எண்களாக்கிச் சேமித்தது. 40 ஒலிகளைச் சேமிக்கலாம். பொத்தானை அழுத்தினால் வேண்டிய ஒலி உடனே வந்து நிற்கும். இவ்வாறு முன்கூட்டியே அமைத்து வைக்கும் நிலைகளின் தொகுதியையே முன்னமைப்பு என்கிறோம். 1983இல் யமஹாவின் 'டி.எக்ஸ்.7' 32 முன்னமைப்புகளோடு வந்தது. அதே ஆண்டில் 'மிடி' என்னும் பொது நெறியும் நடைமுறைக்கு வந்தது. ஒரு கருவி மற்றொரு கருவியைப் பார்த்து இத்தனையாவது முன்னமைப்புக்கு மாறுக என ஆணையிட அது வழி செய்தது.

பெரிய வசதிதான். ஆனால் இந்நினைவு கருவியின் வயிற்றுக்குள்ளே, அக்கருவிக்கு மட்டுமே விளங்கும் குறியீட்டில் இருந்தது. உள்ளேயிருந்த மின்கலம் ஆயுள் முடிந்து ஓய்ந்தால், அதனால் காக்கப்பட்ட நினைவும் மறைந்துவிடும். தாளில் வரைந்த படம் மனிதனுக்கு விளங்கியது, பொறிக்கு விளங்கவில்லை. இந்நினைவோ பொறிக்கு விளங்கியது, மனிதனுக்கு விளங்கவில்லை.

இவ்விரு பாதைகளும் கூடிய இடம் பாரிஸ் நகரம். பியேர் பூலேஸ் என்னும் இசை மேதையின் முயற்சியால் நிறுவப்பட்டு, 1977இல் திறக்கப்பட்ட இர்க்காம் ஆய்வகத்தில், டி ஜூன்யோ என்னும் இத்தாலிய அறிஞர் '4எக்ஸ்' என்னும் பொறியை உருவாக்கினார். ஒலியைக் காத்திருக்க வைக்காமல் அக்கணமே கணக்கிடும் பொறி அது. அதனைக் கொண்டு ஃபிலிப் மனூரி என்னும் பிரெஞ்சு இசைப்படைப்பாளர் 1987இல் 'ஜூபிடர்' என்னும் படைப்பைப் புல்லாங்குழலுக்காகவும், 1988இல் 'புளூட்டோன்' என்னும் படைப்பைப் பியானோவுக்காகவும் இயற்றினார். மேடையில் கலைஞர் வாசிக்கிறார். பொறி அதனைக் கேட்டுப் பின்தொடர்ந்து, தன் ஒலியால் விடை கூறுகிறது.

இப்பணிகளில் துணைநின்றவர் மில்லர் பக்கெட் என்னும் இளம் அமெரிக்கக் கணித அறிஞர். அவர் கணிப்பொறித் திரையிலே சிறு பெட்டிகளை வரைந்து, அவற்றைக் கோடுகளால் இணைக்கும் முறையை அமைத்தார். ஒரு பெட்டி ஒலியை எழுப்பும். ஒரு பெட்டி பெருக்கும். ஒரு பெட்டி எண்ணை அனுப்பும். கோடுகளே வடங்கள். மூக் கையால் செருகிய வடங்கள் இப்போது திரையிலே சித்திரங்களாயின. சித்திரம் வரைவதே நிரல் எழுதுவதாயிற்று. இந்நிரல் முதன்முதலாகப் 'புளூட்டோன்' படைப்பிலே பயன்பட்டது. மேக்ஸ் மேத்யூஸைப் போற்றும் வகையில் இதற்கு 'மேக்ஸ்' என்று பெயரிட்டார்கள். 1990இல் இது வணிகப் பொருளாக வெளிவந்தது. பின்னர்க் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஆசிரியரான பக்கெட், 1996இல் 'பியூர் டேட்டா' என்னும் மற்றொரு நிரலை ஆக்கினார். அதனை எவரும் விலையின்றிப் பெறலாம். அதன் மூல நிரலையும் எவரும் படிக்கலாம்.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. பியூர் டேட்டாவில் நாம் காண்பது சித்திரம்; ஆனால் வட்டிலே சேமிக்கப்படுவது வெறும் எழுத்து. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கூற்று: திரையில் அதன் இடம், அதன் பெயர், அதன் எண்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு கூற்று: எத்தனையாவது பெட்டியின் எத்தனையாவது வாயிலிலிருந்து, எத்தனையாவது பெட்டியின் எத்தனையாவது வாயிலுக்கு என்னும் நான்கு எண்கள். ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் அரைப்புள்ளி. மேத்யூஸின் அரைப்புள்ளியை ஒத்த அரைப்புள்ளியை இங்கே காண்கிறோம். அக்கோப்பை எந்த எழுத்துப் பதிப்பியில் திறந்தாலும் கண்ணால் படிக்கலாம்.

ஆனால் கருவியின் அமைப்பு வேறு; அதன் திருகுகள் நிற்கும் நிலை வேறு. ஒரே அமைப்பை வைத்துக்கொண்டு ஒரு கச்சேரியில் ஐம்பது வெவ்வேறு நிலைகளை வேண்டலாம். அந்நிலைகளைச் சித்திரத்துக்குள்ளேயே புதைத்து வைத்தால், ஒன்றை மாற்றச் சித்திரம் முழுவதையும் துருவ வேண்டும். ஆகவே முன்னமைப்புகளைத் தனிக் கோப்பில் எழுதி வைப்பதே முறை. இதற்கெனப் பியூர் டேட்டாவில் 'டெக்ஸ்ட்ஃபைல்' என்னும் பெட்டி உண்டு. அதற்கு 'ரீட்' என்னும் சொல்லோடு கோப்பின் பெயரை அனுப்பினால் கோப்பைப் படித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஒரு கூற்றை வெளியிடும். எல்லாம் தீர்ந்தவுடன் வேறொரு வாயிலின் வழியே அறிவிக்கும். 'ரிவைண்ட்' என்றால் முதற்கூற்றுக்குத் திரும்பும். 'கிளியர்' என்றால் உள்ளிருப்பதைத் துடைக்கும். 'ஆட்' என்னும் சொல்லோடு எண்களை அனுப்பினால் கடைசியில் ஒரு கூற்றாகச் சேர்க்கும். 'ரைட்' என்றால் அனைத்தையும் கோப்பில் எழுதி வைக்கும். படித்தல், எடுத்தல், சேர்த்தல், எழுதல் ஆகிய இந்நான்கே முன்னமைப்பின் இலக்கணம்.

இதனோடு பிறந்த மற்றொரு பெட்டி 'க்யூலிஸ்ட்'. அது காலத்தையும் அறியும். 'சுருதி 440; 2000 சுருதி 466;' என்று எழுதினால், முதலில் சுருதி என்னும் பெயர் பூண்ட பெட்டிக்கு 440ஐ அனுப்பி, 2000 மில்லிநொடிகள், அதாவது இரண்டு நொடிகள், காத்திருந்து, பின்னர் 466ஐ அனுப்பும். முன்னமைப்பு இப்போது வெறும் பட்டியலாக நிற்கவில்லை. ஓர் இசைக்குறிப்பேடாகவே ஆகிவிட்டது.

முன்னமைப்புக் கோப்பை எழுதுவதில் இரு முறைகள் உண்டு. முதல் முறை, எண்களை மட்டும் வரிசையாக எழுதுவது: '440 80 25;' என்பது போல. முதலெண் சுருதி, இரண்டாவது ஒலியளவு, மூன்றாவது எதிரொலி என்று எழுதியவருக்குத் தெரியும். ஓராண்டு கழித்து, நடுவிலே புதிய திருகு ஒன்றைச் சேர்த்தால் என்னாகும்? பழைய கோப்பிலுள்ள ஒலியளவு எண் புதிய திருகுக்குப் போய்ச் சேரும். எதிரொலி எண் ஒலியளவுக்குப் போய்ச் சேரும். பொறி பிழை என்று கூறாது. தவறான ஒலியை ஒலிக்கும். இரண்டாம் முறை, பெயரோடு எழுதுவது: 'சுருதி 440; ஒலியளவு 80; எதிரொலி 25;' என்பது போல. எத்தனை திருகுகள் சேர்ந்தாலும் ஒவ்வோர் எண்ணும் தன் பெயருக்குரிய இடத்தையே அடையும். சில சொற்களை மிகுதியாக எழுதும் உழைப்புக்கு இத்துணைப் பயன்!

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. அரைப்புள்ளியும் காற்புள்ளியும் டாலர் குறியும் இந்நிரலில் தனிப்பொருள் உடையவை. பெயர்களுக்குள் அவற்றைக் கலத்தலாகாது. இடைவெளி விட்டு எழுதிய பெயர் இரண்டு சொற்களாகப் பிரிந்துவிடும். பல ஆண்டுகள் வெளிவந்த பதிப்புகளில் எண்கள் ஏறத்தாழ ஆறு இலக்கத் துல்லியத்தோடு மட்டுமே எழுதப்பட்டன; 1234567 என்னும் எண் சுருங்கி எழுதப்பட்டது. முன்னமைப்புக் கோப்பைச் சித்திரக் கோப்பு இருக்கும் உறைக்குள்ளேயே வைத்தல் நலம். அப்போது வேறொரு பொறிக்கு எடுத்துச் செல்லும்போது ஒன்றைவிட்டு ஒன்று பிரியாது.

இனி, தொடக்கத்தில் கூறிய வாழ்வு சாவுக்கு வருவோம். 4எக்ஸ் பொறி காலத்தால் பழமையடைந்தது. 1990களின் தொடக்கத்தில் இர்க்காம் வேறொரு பொறித்தொகுதிக்கு மாறியது. அதுவும் சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது. பொறியோடு படைப்பும் மாய்வதாயின், 'ஜூபிடர்' எப்போதோ மௌனமாகியிருக்கும். புல்லாங்குழல் பகுதி தாளில் இருக்கும். அதற்கு விடை கூறும் குரல் இராது. அவ்வாறு நேரவில்லை. பக்கெட் அவ்விரு படைப்புகளையும் பியூர் டேட்டாவில் மீண்டும் அமைத்து, பொதுவில் வைத்தார். இன்றும் ஒரு மாணவர் தம் வீட்டுக் கணிப்பொறியில் அவற்றைத் திறந்து, எந்த இடத்தில் எந்த எண் எந்தப் பெட்டிக்குச் செல்கிறது என்று வரி வரியாகப் படிக்கலாம்.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. எழுத்துக் கோப்பு எல்லாவற்றையும் காப்பதில்லை. 'எதிரொலி 25' என்னும் கூற்று இருக்கிறது. ஆனால் அந்த 25 என்பது எந்த எதிரொலிக் கருவியின் எந்த அளவு? அக்கருவியின் அமைப்பு அழிந்துவிட்டால் எண் மட்டும் நின்று என்ன பயன்? ஆகவே முன்னமைப்பைக் காப்பவர் அமைப்பையும் சேர்த்துக் காக்க வேண்டும். இரண்டையும் படிக்கத்தக்க எழுத்தில் காக்க வேண்டும். பக்கெட் செய்த பணியின் பெருமை, பழைய எண்களைப் பெயர்த்து எழுதியதில் மட்டும் அடங்கியதன்று. அவ்வெண்களுக்குப் பொருள் தரும் கருவியையும் மீண்டும் கட்டினார் என்பதில் இருக்கிறது.

நான் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், ஆய்வுக்கூடத்தில் நல்ல விடை கிடைத்தவுடன் துள்ளிக் குதிக்கும் மாணவர்களைக் கண்டிருக்கிறேன். எந்த அளவுகளோடு செய்தாய் என்று கேட்டால் விழிப்பார்கள். மறுநாள் அதே விடை வராது. அளவையும் அலகையும் எழுதாத சோதனை சோதனையாகாது என்று அவர்களுக்குச் சொல்வேன். இசையிலும் அஃதே உண்மை. உங்களுள் சிலர் நாளை இத்தகைய நிரல்களில் ஒலிகளை அமைக்கப் போகிறீர்கள். இனிய ஒலி ஒன்று வாய்த்த அன்றைக்கே, மகிழ்ச்சி அடங்குவதற்குள், அதன் அளவுகளைப் பெயரோடு எழுதிச் சேமியுங்கள். பிறகு அக்கோப்பை மூடிவிட்டு மீண்டும் திறந்து, அதே ஒலி வருகிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வந்தால், உங்கள் ஒலி உங்களை விட்டும் வாழத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.