குழந்தைக்கு முதல் ரேஸ் பக்கி: 1984 சொல்லும் கணக்கு



பரீட்சை முடிந்து விடுமுறை தொடங்கினால் பிள்ளைகள் கேட்கும் பரிசுகளில் ரிமோட் கார் நிச்சயம் இருக்கும். இப்போது அவர்கள் கேட்பது அலமாரியில் அழகாக நிற்கும் கார் அல்ல, மண்ணில் தாவி ஓடும் பேட்டரி ரேஸ் பக்கி. கடையில் ஆயிரத்துச் சொச்சத்துக்கும் கிடைக்கிறது, அதைப்போல் இருபது மடங்கு விலையிலும் கிடைக்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். எதை வாங்குவது? பதில் இந்த வண்டியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

நமக்கெல்லாம் பக்கி என்றால் குதிரை வண்டிதான் ஞாபகம் வரும். இது வேறு. 1960களில் கலிபோர்னியாவில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, லேசான உடலை மாட்டி, கடற்கரை மணல்மேடுகளில் ஓட்டினார்கள். புரூஸ் மேயர்ஸ் 1964ல் கண்ணாடியிழையில் செய்த ‘மேயர்ஸ் மேங்ஸ்’ அதில் பேர்போனது. மெக்சிகோவின் பாஹா பாலைவனத்தில் 1967ல் நடந்த முதல் ‘மெக்சிகன் 1000’ பந்தயத்தில் ஜெயித்ததும் மேங்ஸ்தான்.

அந்த வண்டியைச் சிறுவர்களின் கைக்குக் கொண்டு வந்ததில் பெரும் பங்கு ஜப்பானுக்கு. ஷிசுவோகா நகரில் யோஷியோ டாமியா 1946ல் மர வியாபாரம் தொடங்கினார். அந்த நிறுவனம் மர பொம்மை மாடல்களுக்கும், 1960ல் பிளாஸ்டிக் மாடல்களுக்கும் மாறியது. 1976ல் போர்ஷே 934 காரை 1/12 அளவில், பேட்டரியில் ஓடும் ரேடியோ காராகக் கொண்டுவந்தது. ஆனால் அது வழவழப்பான தரையில்தான் ஓடும். கரடுமுரடான மண்ணுக்காக 1979ல் ‘ரஃப் ரைடர்’, ‘சாண்ட் ஸ்கார்ச்சர்’ என்ற இரண்டு பக்கிகள் வந்தன. உலோக பாகங்கள், தண்ணீரும் தூசியும் புகாத ரேடியோ பெட்டி என்று தரமாக இருந்தன. ஆனால் கனமும் அதிகம், விலையும் அதிகம்.

நம் கதைக்கு முக்கியமான வருடம் 1984. அந்த ஒரே வருடத்தில் இரண்டு விதமான பக்கிகள் பிறந்தன.

ஒன்று டாமியாவின் ‘கிராஸ்ஹாப்பர்’, அதாவது வெட்டுக்கிளி. தொட்டி போன்ற பிளாஸ்டிக் சட்டம், பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை, ‘380’ என்ற சிறிய மோட்டார். பெட்டியைத் திறந்தால் உள்ளே கார் இருக்காது, பாகங்களும் படம் போட்ட விளக்கப் புத்தகமும்தான் இருக்கும். பையனோ பெண்ணோ உட்கார்ந்து பூட்ட வேண்டும். வேகம் குறைவு, ஆனால் சுலபத்தில் உடையாது. அதே அடிப்படைச் சட்டத்தில் பெரிய ‘540’ மோட்டாரைப் பொருத்தி ‘ஹார்னெட்’ என்ற பக்கியும் அந்த வருடமே வந்தது. 380 மோட்டாரின் விட்டம் சுமார் 28 மி.மீ., 540க்குச் சுமார் 36 மி.மீ.

இன்னொன்று கலிபோர்னியாவின் அசோசியேட்டட் நிறுவனம், ரோஜர் கர்டிஸ் வடிவமைப்பில் கொண்டுவந்த ‘ஆர்சி10’. தங்க நிற அலுமினியச் சட்டம், எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர்கள். பந்தயத் திடலில் ஜெயிப்பதற்கென்றே செய்தது. 1985ல் கலிபோர்னியாவின் டெல் மார் என்ற இடத்தில் நடந்த முதல் உலகப் போட்டியில், இரு சக்கர விசைப் பிரிவை வென்றதும் அதுதான்.

இரண்டுமே நல்ல வண்டிகள். ஆனால் ஒன்று கற்றுக்கொள்ள, மற்றொன்று ஜெயிக்க. இரண்டாவதை முதலில் வாங்கிக் கொடுப்பது, சைக்கிள் பழகாத பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவது மாதிரி. பழைய வெட்டுக்கிளியை டாமியா 2005ல் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்ததும் யோசிக்க வேண்டிய விஷயம்.

வங்கியில் வாகனக் கடன் மனுக்களைப் பார்த்த பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன். வாங்கும் விலை வேறு, வைத்திருக்கும் செலவு வேறு. பக்கி என்றால் மோதும், கவிழும். எனவே விலை கேட்கும் முன், “முன் பக்க ஆர்ம் உடைந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா? பல்சக்கரம் கிடைக்குமா?” என்று கேளுங்கள். “கிடைக்காது” என்றால் அது எத்தனை மலிவானாலும், முதல் விபத்தோடு பரணுக்குப் போகும். உடைந்தால் தூக்கிப் போடு என்பதுதான் அதிலிருந்து பிள்ளை கற்கும் பாடம். பாகம் கிடைத்தால், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கக் கற்கும்.

இரண்டாவது, ரிமோட். பொம்மை வகையில் விசையை அழுத்தினால் முழு வேகம், விட்டால் நிறுத்தம். நல்ல வகையில் விரல் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவே வேகம், எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவே திருப்பம். ஓட்டப் பழகுவது இதில்தான் முடியும். அந்தக் காலத்தில் 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில், இருவர் ஒரே அலைவரிசையில் ஓட்டினால் ஒருவர் வண்டி மற்றவர் பேச்சைக் கேட்கும். அதற்காக ஆன்டெனாவில் வண்ணக் கொடி கட்டி வைப்பார்கள். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் அந்தத் தொல்லை இல்லை. அதையே கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, பேட்டரி. அன்று 1.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் செல்கள் ஆறு சேர்ந்து 7.2 வோல்ட். இன்று அதே 7.2 வோல்ட்டில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கிடைக்கிறது. முதல் வண்டிக்கு அது போதும். லித்தியம் பாலிமர் லேசானது, வேகம் தரும். ஆனால் அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கக்கூடும். அதற்கென்று உள்ள சார்ஜர் வேண்டும், பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவில் செருகிவிட்டுத் தூங்கப் போகவே கூடாது.

ஆக, எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என் யோசனை இது: 1/10 அளவில், பின் சக்கர விசையில், சாதாரண பிரஷ் மோட்டாருடன், பூட்டிச் சேர்க்கும் கிட். கூடவே ஒரு ஜோடி முன் ஆர்மும் வாங்கி வையுங்கள். ஓட்டத் தெரிந்த பிறகு மோட்டாரைப் பெரிதாக்கலாம், ஹார்னெட் காட்டிய வழி அது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இவை வேகமாகப் போகும், கணுக்காலில் மோதினால் வயதானவர்கள் விழுந்துவிடுவார்கள். காலையிலும் மாலையிலும் நடைப்பயிற்சி நேரத்தில் கார் போகும் பாதையிலும் நடைபாதையிலும் ஓட்ட விடாதீர்கள். காலியான மண் திடல் இருந்தால் அங்கே ஓட்டட்டும். பக்கி பிறந்ததும் மண்ணில்தானே.