புக்கிட் மேரா: மண்ணைத் தோண்டியவரின் கடமை எப்போது முடிகிறது?



ஈயம் என்றதும் நம் மாணவர்களின் நினைவுக்கு வருபவை லாருட், கிந்தாப் பள்ளத்தாக்கு, சீனத் தொழிலாளர்கள், குட்டையில் மிதந்தவாறே ஈயம் வாரிய பெருங்கப்பல்கள் ஆகியவையே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலக ஈய உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது. ஈப்போ, தைப்பிங், கோலாலம்பூர் ஆகிய நகரங்கள் ஈயத்தால் வளர்ந்தவை. இவற்றை நாம் வகுப்பில் பெருமையோடு கற்பிக்கிறோம், கற்பிக்கவும் வேண்டும்.

ஒருமுறை கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயக்குட்டைப் படத்தை வகுப்பில் காட்டினேன். "ஈயம் எடுத்தவர்கள் குழியை ஏன் ஐயா மூடாமல் போனார்கள்?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். ஈயம் எடுத்தவர்கள் விட்டுச் சென்றவை குழிகள் மட்டுமல்ல. அதை விளக்குவதற்குப் பேராக் மாநிலத்துப் புக்கிட் மேராவின் வரலாற்றைவிடச் சிறந்த பாடம் நம் நாட்டில் வேறு இல்லை என்பது என் கருத்து.

ஈயத்தின் எச்சம்

ஈயத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கனமான மணலுக்கு 'அமாங்' என்று பெயர். ஒருகாலத்தில் பயனற்றதாகக் கருதப்பட்ட இம்மணலில் மோனசைட் என்னும் கனிமம் கலந்துள்ளது. மோனசைட்டில் அரிய மண் தனிமங்கள் இருக்கின்றன. வண்ணத் தொலைக்காட்சி முதல் காந்தம் வரை பலவற்றுக்கு அவை தேவைப்பட்டதால், எச்சமாகக் கிடந்த மணலுக்கு விலை உண்டாயிற்று.

ஆனால், மோனசைட்டில் தோரியமும் இருக்கிறது. அது கதிரியக்கம் உடையது. அரிய மண்ணைப் பிரித்தெடுத்தால் தோரியம் கழிவாகத் தேங்கும். தோரியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். ஒரு நிறுவனத்தின் உரிமமோ சில ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். பின்னர் எழுந்த சிக்கல்கள் அனைத்துக்கும் இந்த முரண்பாடே வேர்.

ஏசியன் ரேர் எர்த் என்னும் நிறுவனம் 1982இல் புக்கிட் மேராவில் தன் தொழிற்சாலையை இயக்கத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் அதன் முதன்மைப் பங்குதாரர்களுள் ஒன்று. ஈப்போவுக்கு அருகே, மக்கள் நெருக்கமாக வாழும் இடத்தில் அத்தொழிற்சாலை அமைந்திருந்தது. நம் நாட்டின் அணுசக்தி உரிமச் சட்டம் இயற்றப்பட்டதோ 1984இல்தான். தொழிற்சாலை முதலில் வந்தது. அதனைக் கண்காணிக்க வேண்டிய சட்டம் பின்னர் வந்தது.

மக்கள் கேட்ட கேள்வி

கழிவைச் சேமிக்கப் பாப்பான் என்னும் சிற்றூரின் அருகே அகழிகள் தோண்டப்பட்டன. 1984இல் இச்செய்தி பரவியதும் மக்கள் கொதித்தெழுந்தனர். அவர்களுள் சிறுகடை நடத்துவோரும் தொழிலாளர்களும் இல்லத்தரசிகளுமே மிகுதி. "இந்தக் கழிவை எங்கே வைப்பீர்கள்? எத்தனை காலம் காப்பீர்கள்?" என்பதே அவர்கள் கேட்டது. அனைத்துலக வல்லுநர்களும் அந்த அகழிகள் பாதுகாப்பானவை அல்ல எனக் கண்டனர். அதன்பின் 1985 ஜனவரியில் கழிவு கிளேடாங் மலைத்தொடருக்குக் கொண்டு செல்லப்படும் என அரசாங்கம் அறிவித்தது.

இதற்கிடையே ஜப்பானிய அறிஞர் சடாவ் இச்சிகாவா தொழிற்சாலையைச் சுற்றிக் கதிரியக்கத்தை அளந்து, அது அபாயகரமான அளவில் இருப்பதாக அறிவித்தார். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் மக்களுக்குத் துணை நின்றது. அவ்வூர்க் குழந்தைகளின் உடல்நிலையை ஆராய்ந்தவர் நம்மவரான மருத்துவர் தி. ஜெயபாலன் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

1985 பிப்ரவரியில் எட்டுக் குடியிருப்பாளர்கள் தங்களுக்காகவும் ஊராருக்காகவும் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் தொழிற்சாலைக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. எனினும் 1987 பிப்ரவரியில் நிறுவனம் உரிமம் பெற்று மீண்டும் இயங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் வழக்கு விசாரணை தொடங்கியது. அக்டோபரில் நிகழ்ந்த ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் பேராக் கதிரியக்க எதிர்ப்புக் குழுவின் தலைவர்கள் சிலரும் தடுத்து வைக்கப்பட்டனர். ஊர்மக்கள் வழக்கைக் கைவிடவில்லை. விசாரணை 1990 வரை நீண்டது.

இரண்டு தீர்ப்புகள்

1992 ஜூலை 11ஆம் நாள், தொழிற்சாலை மூடப்பட வேண்டும் என நீதிபதி பே சுவீ சின் தீர்ப்பளித்தார். நீதிமன்ற வளாகத்தில் எழுந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1993 டிசம்பர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நிறுவனத்தின் வல்லுநர்கள் கூறியதே நம்பத்தக்கது என்றும், உரிமம் வழங்கிய அணுசக்தி உரிம வாரியத்திடமே குடியிருப்பாளர்கள் முறையிட்டிருக்க வேண்டும் என்றும் அது கருதியது.

இங்கே சற்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். உரிமம் என்பது நிறுவனத்திற்கும் அரசாங்கத்திற்கும் இடையிலான ஏற்பாடு. அதன் விளைவைச் சுமப்பவர் வேலிக்கு வெளியே வாழும் மூன்றாமவர். உரிமம் இருக்கிறது என்பதற்காக அவருக்கான கடமை தீர்ந்துவிடுமா? இவ்வழக்கு எழுப்பிய உண்மையான வினா இதுவே.

வழக்கில் வென்ற நிறுவனம் 1994 ஜனவரியில் தானே மூடப்போவதாக அறிவித்தது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எழுந்த எதிர்ப்பு அதற்குப் பெருங்காரணம். அதன்பின் தூய்மைப்படுத்தும் பணி பல ஆண்டுகள் நடைபெற்றது. தொழிற்சாலைக் கட்டடங்கள் தகர்க்கப்பட்டன; மாசடைந்த மண் அகற்றப்பட்டது; கழிவு மலைப்பகுதியில் கட்டிய சேமிப்பிடத்தில் புதைக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் என 2011இல் செய்திகள் வெளிவந்தன. அச்செலவு மிட்சுபிஷி கெமிக்கலுடையது.

ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த அவ்வட்டாரத்தில் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. எழுவர் இறந்தனர் எனச் செய்தி ஏடுகள் பதிவு செய்துள்ளன. தொழிற்சாலையே அதற்குக் காரணம் என்பதை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. நீதிமன்றத்திற்கு வெளியே கண்ட இணக்கத்தின்படி அவ்வூர்ப் பள்ளிகளுக்கு 1,64,000 அமெரிக்க டாலர் நன்கொடை அளித்தது. மண்ணைத் தூய்மைப்படுத்தப் பத்துக் கோடி. மக்களுக்கோ, பொறுப்பை ஏற்காமல் ஒரு நன்கொடை. பள்ளியில் பணிபுரியும் எனக்கு இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க மனம் கனக்கிறது.

இன்று சட்டம் என்ன சொல்கிறது?

நம் கூட்டரசு அமைப்பில் நிலம் மாநிலத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டது. சுரங்கக் குத்தகையை மாநில அரசு வழங்குகிறது. சுற்றுச்சூழல், கதிரியக்கம் ஆகியவற்றைக் கூட்டரசுச் சட்டங்கள் கவனிக்கின்றன. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், பெரிய சுரங்கத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு செய்வது 1988 ஏப்ரல் முதல் கட்டாயமாயிற்று. புக்கிட் மேரா தொழிற்சாலை அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இயங்கத் தொடங்கிவிட்டது என்பதை நோக்குக.

1994ஆம் ஆண்டுக் கனிம மேம்பாட்டுச் சட்டம், பணி தொடங்குமுன் சுரங்கத் திட்டத்தைச் சமர்ப்பித்து ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. கழிவுநீரைக் கட்டுப்படுத்துவதும் மண்ணரிப்பைத் தடுப்பதும் சுரங்கம் நடத்துபவரின் கடமைகள். மாநிலக் கனிமச் சட்டங்கள் நிலத்தைச் சீரமைக்கும் பொறுப்பையும் அதற்கான நிதியையும் வலியுறுத்துகின்றன. அன்று என் மாணவி கேட்டதற்கு விடை இன்று சட்டத்தில் உண்டு. அச்சட்டம் களத்தில் நடக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

இது பழங்கதையன்று. பகாங் மாநிலத்துக் கெபெங்கில் 2012இல் லைனஸ் ஆலை தொடங்கியபோது எழுந்த எதிர்ப்புக்குப் பின்னால் புக்கிட் மேராவின் நினைவு இருந்தது. 2022இல் பேராக்கின் கெனெரிங்கில் அரிய மண் முன்னோடிச் சுரங்கம் தொடங்கியது. அங்கே பெருங்குழி தோண்டுவதில்லை. மண்ணுக்குள் கரைசலைச் செலுத்திக் கனிமத்தைக் கரைத்தெடுக்கின்றனர். குழி கண்ணுக்குத் தெரியும். நிலத்தடி நீரில் கலப்பது தெரியாது. ஆகவே கண்காணிப்பு முன்னினும் கூடுதலாகத் தேவை. மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் அரிய மண் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எடுப்பவர் எச்சத்திற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆசிரியர்கள் ஈயம் பற்றிய பாடத்தை நடத்தும்போது ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். நிறுவனம், குடியிருப்பாளர், அரசாங்கம், நீதிபதி என மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து விவாதிக்கச் செய்யலாம். பெற்றோர்கள் விடுமுறையில் ஈப்போவுக்குச் செல்லும்போது, சாலையோர ஈயக்குட்டைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அவை எப்படித் தோன்றின என்பதைக் கூறலாம். எட்டுப் பேர் ஊருக்காக நீதிமன்றம் சென்ற செய்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.