மிசிசிப்பி இறையாண்மை ஆணைய ஆவணங்கள்

மிசிசிப்பி மாநில இறையாண்மை ஆணைய ஆவணங்கள் என்பவை, அமெரிக்கத் தென் மாநிலமான மிசிசிப்பியில் 1956 முதல் 1973 வரை இயங்கிய ஓர் அரசு ஆணையம் தன் சொந்தக் குடிமக்களை வேவு பார்த்துச் சேர்த்து வைத்த கடிதங்கள், துப்பறிவாளர் அறிக்கைகள், நிழற்படங்கள், செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவற்றின் தொகுதி. 1,30,000 பக்கங்களுக்கு மேற்பட்டது. இதில் ஏறத்தாழ 87,000 பெயர்கள் இடம்பெறுவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. மாநிலத் தலைநகரான ஜாக்சனில் உள்ள மிசிசிப்பி ஆவண வரலாற்றுத் துறை இதைப் பாதுகாத்து வருகிறது. சிவில் உரிமை இயக்கக் காலத்து மிசிசிப்பி அரசியலை எழுத வருபவர் எவரும் இத்தொகுதியைத் தொடாமல் எழுத முடியாது.

காப்பகத்தின் முன்கதை

இந்தத் தாள்கள் போய்ச் சேர்ந்த காப்பகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மிசிசிப்பி ஆவண வரலாற்றுத் துறை 1902இல் சட்டத்தின் வழி நிறுவப்பட்டது. அண்டை மாநிலமான அலபாமா அதற்கு ஓராண்டு முன்புதான் இப்படியொரு துறையை உருவாக்கியிருந்தது. அரசுப் பணத்தில் தனித்து இயங்கும் மாநில ஆவணத் துறை என்ற ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் இவ்விரு தென் மாநிலங்களே முன்னோடிகள்.

முதல் இயக்குநர் டன்பர் ரோலண்ட், வழக்கறிஞர். 1937இல் இறக்கும்வரை 35 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அரசுத் தாள்களைப் பொருள்வாரியாகக் கலைத்து அடுக்காமல், முதலில் காலப்பகுதி, அதற்குள் அவை பிறந்த அலுவலகம் என்று வரிசைப்படுத்தினார். ஒரு கடிதம் எந்த மேசையிலிருந்து புறப்பட்டது என்பது தெரியாமல் போனால் அதன் பாதிப் பொருள் போய்விடும் என்பதை அன்றைய அமெரிக்காவில் உணர்ந்திருந்தவர்கள் சிலரே. 1906இல் ஐரோப்பியக் காப்பகங்களை நேரில் சென்று பார்த்தார். லூசியானா ஆளுநர் கிளெய்போர்னின் அலுவல் கடிதங்களை 6 தொகுதிகளாக 1917இலும், தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸின் கடிதங்களையும் உரைகளையும் 10 தொகுதிகளாக 1923இலும் பதிப்பித்தார். பதிப்பாசிரியராக அவருடைய உழைப்பு அசாதாரணமானது. அக்கறையின் எல்லையும் அதே பட்டியலில் தெரிகிறது. அன்று மாநில மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். 1890ஆம் ஆண்டு அரசியலமைப்பு, வாக்கு வரியாலும் எழுத்தறிவுத் தேர்வாலும் அவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து துரத்தியது. காப்பகமும் அவர்கள் எழுதிய கடிதங்களைத் தேடிப் போகவில்லை.

ரோலண்டுக்குப் பின் 1938இல் இயக்குநரானவர் வில்லியம் டி. மெக்கெய்ன். அமெரிக்க ஆவணக் காப்பாளர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். 1955இல் காப்பகத்தை விட்டு, ஹாட்டிஸ்பர்க் நகரிலிருந்த மிசிசிப்பி சதர்ன் கல்லூரியின் தலைவரானார். பின்னால் சொல்லப்படும் கிளைட் கென்னார்டு விவகாரத்தில் இவர் பெயர் மீண்டும் வரும்.

ஆணையம்

பள்ளிகளில் இனப்பிரிப்பு செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு மறுமொழியாக 1956 மார்ச்சில் மிசிசிப்பி சட்டமன்றம் இறையாண்மை ஆணையத்தை உருவாக்கியது. இரண்டாண்டுகளுக்கு 2,50,000 டாலர் ஒதுக்கப்பட்டது. உறுப்பினர் 12 பேர், பதவிவழித் தலைவர் ஆளுநர். சட்டத்தின் வாசகத்தில் இனம் என்ற பேச்சே இல்லை. மத்திய அரசின் அத்துமீறலிலிருந்து மாநிலத்தின் இறையாண்மையைக் காப்பது என்பதே அறிவித்த நோக்கம்.

ஆளுநர் ஜே. பி. கோல்மன் காலத்தில் துண்டறிக்கை அச்சடிப்பது, வடமாநிலப் பத்திரிகை ஆசிரியர்களை அழைத்து வந்து ஊர் காட்டுவது போன்ற விளம்பர வேலைகள் மிகுதி. 1960இல் ராஸ் பார்னெட் ஆளுநரானதும் போக்கு கடுமையானது. வெள்ளைக் குடிமக்கள் மன்றம் என்ற தனியார் அமைப்பின் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு மாதம் 5,000 டாலர் வரிப்பணம் போயிற்று. ஆளுநர் பில் வாலர் 1973இல் நிதி ஒதுக்கீட்டைத் தடுத்தபின் ஆணையம் செயலிழந்தது. 1977இல் சட்டப்படி கலைக்கப்பட்டது.

கோப்பு முறை

ஆணையத்தின் கோப்பறைக்கு ஒழுங்கைக் கொண்டுவந்தவர் சாக் வான் லாண்டிங்ஹாம். மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யில் பணியாற்றி வந்த துப்பறிவாளர். அங்குக் கற்ற எண்முறையையே இங்கும் புகுத்தினார். ஒவ்வொரு தாளுக்கும் இடைக்கோடு போட்ட எண் உண்டு. முதல் எண் வகையைக் குறிக்கும்: 1 என்றால் இனக் கிளர்ச்சிக்காரர், 2 என்றால் இன ஒருங்கிணைப்பு கோரும் அமைப்பு. அடுத்த எண் ஆளுக்கோ அமைப்புக்கோ உரியது. கறுப்பினத்தவர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மிசிசிப்பிக் களச் செயலாளர் மெட்கர் எவர்ஸ் 1-23. வெள்ளையர் கல்லூரியில் இடம் கேட்ட கறுப்பினக் கோழிப் பண்ணையாளர் கிளைட் கென்னார்டு 1-27. பிற்பாடு காப்பகத்தார் ஆவண வரிசை, பக்கம் முதலியவற்றைக் குறிக்கும் எண்களைத் தொடர்ந்து சேர்த்தனர். ஆணையத்தின் முன் எண்களைக் கலைக்கவில்லை. ரோலண்ட் இட்ட மரபு இது. இதன் பயனாக, ஒருவர் எப்போது வெறும் பெயராக இருந்தார், எப்போது தனிக் கோப்புக்குரிய ‘கிளர்ச்சிக்காரர்’ ஆனார் என்பதை எண்ணைப் பார்த்தே ஆய்வாளர் சொல்லிவிட முடிகிறது.

அறிக்கைகளின் மொழிநடையும் எஃப்.பி.ஐ. பாணிதான். ஆனால் எல்லாத் துப்பறிவாளரும் வான் லாண்டிங்ஹாம் அல்லர். கிரெனடா கவுண்டியில் வெள்ளைப் பெண் ஒருத்திக்குப் பிறந்த குழந்தையின் தகப்பன் கறுப்பினத்தவனோ என்று ஐயம் எழுந்தபோது, டாம் ஸ்கார்பரோ என்ற துப்பறிவாளர் அரசுச் செலவில் அங்கே போய், கைக்குழந்தையின் நகக்கண்களையும் விரல் நுனிகளையும் உற்று ஆராய்ந்து அறிக்கை எழுதினார். இப்படிப்பட்ட தாள்களைக் காட்டி, ஆணையம் வெறும் கோமாளிக் கூட்டம் என்று சொல்வோர் உண்டு. கென்னார்டு கோப்பைப் படித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

கடிதங்கள்

கடிதங்களில் பெரும்பகுதி அலுவலகத் தன்மையுடையது: ஷெரீப்புக்கு ஆணையம் எழுதியது, ஆணையத்துக்குக் கல்லூரித் தலைவர் எழுதியது, ஆளுநருக்குத் துப்பறிவாளர் எழுதியது. சாதாரண வெள்ளைக் குடிமக்களும் எழுதினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் யாருடன் பழகுகிறான், பள்ளி ஆசிரியை எந்தப் பத்திரிகை வாங்குகிறார், தேவாலயத்துக்குப் புதிதாக வந்த போதகர் என்ன பிரசங்கம் செய்கிறார் என்ற பாணியிலான விசாரிப்புகள் அவை. பணம் பெற்றுத் தகவல் கொடுத்த கறுப்பினத்தவரும் இருந்தனர். ஜாக்சன் அட்வகேட் பத்திரிகையின் ஆசிரியர் பெர்சி கிரீன் அவர்களுள் அதிகம் பேசப்பட்டவர்.

கென்னார்டு தொடர்பான தாள்கள் தனித்து நிற்பவை. கொரியப் போரில் பணியாற்றித் திரும்பியவர் கென்னார்டு. ஹாட்டிஸ்பர்க் அருகே கோழி வளர்த்துக்கொண்டு, வீட்டுக்கு அருகிலிருந்த மிசிசிப்பி சதர்ன் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். கல்லூரித் தலைவர் அதே மெக்கெய்ன். அவர் ஆணையத்தோடு தொடர்பு வைத்து விண்ணப்பத்தைத் தடுக்கும் வழிகளைத் தேடினார். 1958 டிசம்பரில் வான் லாண்டிங்ஹாம் கென்னார்டின் கடன், குடும்பம், வங்கிக் கணக்கு வரை துருவி எழுதினார். ஒரு வெள்ளைக் குடிமக்கள் மன்றத் தலைவர், கென்னார்டின் கார் ரயிலில் அடிபடலாம், சாலையில் விபத்து நேரலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்ற பொருளில் பேசியதும் ஆணையத் தாளில் பதிவாகியுள்ளது. எழுதியவர் அதைக் கண்டிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

1959 செப்டம்பரில், மெக்கெய்னைச் சந்தித்துவிட்டு வெளியே வந்த கென்னார்டு, காரில் மது வைத்திருந்தார் என்று கைதானார். அடுத்த ஆண்டு, 25 டாலர் பெறுமான கோழித் தீவனத் திருட்டுக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டு. வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. 7 ஆண்டு சிறை. தீவனத்தை எடுத்ததாக ஒப்புக்கொண்டவர் சிறைக்கே போகவில்லை. பார்ச்மன் சிறையில் கென்னார்டுக்குப் புற்றுநோய் முற்றியது. 1963 தொடக்கத்தில் விடுவிக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூலை 4 அன்று இறந்தார். 2006இல் அத்தீர்ப்பை நீதிமன்றமே நீக்கியது. மெக்கெய்ன் 1975 வரை கல்லூரித் தலைவராக நீடித்தார். இப்போது பல்கலைக்கழகமாகிவிட்ட அந்நிறுவனத்தின் ஆவணக் காப்பகக் கட்டடத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

மெரிடியன் நகரில் பணியாற்றிய சிவில் உரிமை ஊழியர் மைக்கேல் ஷ்வெர்னரைப் பற்றி 1964இல் ஆணையம் திரட்டிய தகவல்களும் முக்கியமானவை. அவர் பயன்படுத்திய காரின் பதிவெண் உள்ளூர் அதிகாரிகளின் கைக்குப் போனது. ஜூன் 21 அன்று அந்தக் காரை வழிமறித்துக் கைது செய்தவர் நெஷோபா கவுண்டி துணை ஷெரீப். அன்றிரவே ஷ்வெர்னரும் உடன் வந்த சக ஊழியர்களான ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன் இருவரும் கொல்லப்பட்டனர். துப்பாக்கியைப் பிடித்தது ஆணையம் அல்ல. ஆளை அடையாளம் காட்டியதில் அதற்குப் பங்கு உண்டு.

நிழற்படங்கள்

படங்களில் பெரிய வரிசை 1961ஆம் ஆண்டு விடுதலைப் பயணிகளுடையது. பேருந்து நிலையங்களில் இனப்பிரிப்பை மீறுவதற்காக வந்த 300க்கும் மேற்பட்டவர்களை மே 24 முதல் ஜாக்சன் காவல்துறை கைது செய்தது. குற்றச்சாட்டு, அமைதியைக் குலைத்தல். கழுத்தில் காவல்துறைப் பெயரும் எண்ணும் தேதியும் பொறித்த பலகை தொங்க, நேர்முகமாகவும் பக்கவாட்டிலும் எடுத்த கைதுப் படங்களின் பிரதிகள் ஆணையத்துக்கு வந்தன. பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸ், ஸ்டோக்லி கார்மைக்கேல் இருவரும் அவற்றில் உள்ளனர். வேறெங்கும் இவ்வளவு முழுமையாக இவ்வரிசை கிடைப்பதில்லை. பாதுகாத்துக் கொடுத்த பெருமை, வேண்டாவிட்டாலும், வேவுக்காரர்களையே சாரும். இவற்றைக் கொண்டு பயணிகளைத் தேடிச் சென்று, முதிய முகங்களையும் படமெடுத்து எரிக் எதரிட்ஜ் 2008இல் ஒரு நூல் வெளியிட்டார்.

மற்றொரு வகை, ஊர்வலங்களிலும் மறியல்களிலும் எடுத்தவை. சில படங்களில் ஒவ்வொரு தலைக்கு மேலும் மையால் எண் போட்டு, அந்தந்த எண்ணுக்குரியவர் யாரென்று பட்டியல் இணைக்கப்பட்டிருக்கும். அக்கம்பக்கத்து மாநிலங்களோடு பரிமாற்றமும் நடந்தது. டென்னசியின் ஹைலேண்டர் பள்ளியில் 1957இல் மார்ட்டின் லூதர் கிங் அமர்ந்திருந்த கூட்டத்தை ஜார்ஜியா மாநில ஆணையத்தின் ஆள் ஒருவர் படமெடுத்தார். கம்யூனிஸ்ட் பயிற்சிப் பள்ளியில் கிங் என்று அப்படம் தெற்கெங்கும் விளம்பரப் பலகைகளில் ஏறியது.

அதே காப்பகத்தில் எழுத்தாளர் யூடோரா வெல்டி 1930களில் எடுத்த படங்களும் உள்ளன. சலவைக்காரப் பெண்கள், சந்தை நாள், தேவாலய நாடகம் என்று அவருடைய கேமரா பார்த்ததும் மிசிசிப்பிக் கறுப்பின மக்களைத்தான். படத்தின் பின்புறத்தில் குற்றச்சாட்டு எதுவும் எழுதியிராது.

முத்திரையும் வழக்கும்

1977இல் ஆணையம் கலைக்கப்பட்டபோது கோப்புகளை எரித்துவிடலாம் என்று சட்டமன்றத்தில் சிலர் வாதாடினர். முடிவில் 2027 ஜூலை வரை 50 ஆண்டுகள் முத்திரையிட்டு வைப்பதென்று தீர்மானமாயிற்று. பூட்டிய அலமாரிகள் காப்பகத்துக்கு வந்தன. அதே ஆண்டில் அமெரிக்கச் சிவில் உரிமைகள் ஒன்றியம் வழக்குத் தொடுத்தது. மத்திய மாவட்ட நீதிபதி வில்லியம் பார்பர் 1989இல் திறக்கச் சொன்னார். ஆனால் வழக்காடியவர்களிடையே பிளவு ஏற்பட்டது. வேவுக்காரர் எழுதிய பொய்களும் அவதூறுகளும் அப்படியே வெளிவந்தால் பாதிக்கப்பட்டோர் இரண்டாம் முறை பாதிக்கப்படுவர் என்றனர் டூகலூ கல்லூரியைச் சேர்ந்த எட்வின் கிங்கும் ஜான் சால்ட்டரும். சால்ட்டருக்கு இதைச் சொல்லத் தகுதி இருந்தது. 1963 மே மாதம் ஜாக்சன் வுல்வொர்த் கடையின் உணவுமேடையில் கறுப்பின மாணவர்களோடு அமர்ந்து, தலையில் கெட்சப்பும் சர்க்கரையும் கொட்டப்பட்ட அவருடைய படம் உலகெங்கும் அச்சானது. இருந்தாலும் காலம் திறக்கக் கோரிய தரப்புக்கே சாதகமானது. வேவு பார்க்கப்பட்டவர்கள் விரும்பினால் தம் பெயரை மறைக்கக் கேட்கலாம், அரசு ஊழியருக்கும் தகவலாளிகளுக்கும் அச்சலுகை இல்லை என்பது இறுதி ஏற்பாடு. 1998 மார்ச் 17 அன்று கோப்புகள் திறக்கப்பட்டன.

அதற்கு முன்பே கசிவுகள் தொடங்கிவிட்டன. ஆளுநர் பால் ஜான்சன் வீட்டுக்கு எடுத்துச்சென்ற பிரதிகள் ஹாட்டிஸ்பர்க் பல்கலைக்கழகக் காப்பகத்தில், அதாவது மெக்கெய்ன் பெயர் தாங்கிய கட்டடத்தில், முத்திரையின்றிக் கிடைத்தன. கிளாரியன் லெட்ஜர் நாளிதழ் நிருபர் ஜெர்ரி மிட்செல் 1989இல் ஒரு செய்தி வெளியிட்டார்: எவர்ஸைச் சுட்டுக்கொன்ற பைரன் டி லா பெக்வித்தின் 1964ஆம் ஆண்டு இரண்டாம் விசாரணையில், அரசுத் தரப்பு அவர்மேல் வழக்கு நடத்திக்கொண்டிருக்கையில், ஆணையம் அவர் வழக்கறிஞருக்காக நடுவர்களின் பின்னணியை விசாரித்துக் கொடுத்தது. வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. 1994இல் பெக்வித்துக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

தற்போது

2002 முதல் இணையத்தில் பெயர்வாரியாகத் தேடலாம். மூலத்தாள்கள் 2003இல் திறக்கப்பட்ட வில்லியம் எஃப். வின்டர் கட்டடத்தில் உள்ளன. 2017 டிசம்பரில் ஜாக்சனில் தொடங்கிய மிசிசிப்பி சிவில் உரிமைகள் அருங்காட்சியகத்தில் விடுதலைப் பயணிகளின் கைதுப் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.